முதல் லாங் டிஸ்டன்ஸ் டிரையத்லான்: கட்-ஆஃப்ல இருந்து பின்னாடி கணக்கு போடுங்க

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு, நடுவுல டிரெஸ் மாத்தற நேரத்துக்கும் கடிகாரம் ஓடிட்டே இருக்கும், இதான் டிரையத்லான். இதுல லாங் டிஸ்டன்ஸ்னு சொல்றது ரெண்டு அளவைத்தான். ஹாஃப்னா 1.9 கிமீ நீச்சல், 90 கிமீ சைக்கிள், 21.1 கிமீ ஓட்டம். ஃபுல்னா எல்லாமே டபுள், 3.8, 180, 42.2. நம்பரைப் பாத்ததும் வயிறு கலங்கும், கலங்கட்டும், தப்பில்ல.

ஆனா இந்த 180 எல்லாம் எந்த விஞ்ஞானியும் உக்காந்து கண்டுபிடிச்ச தூரம் கிடையாது. 1978 பிப்ரவரி 18 அன்னிக்கு ஹவாய்ல ஓஆஹு தீவுல ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ்னு ஒரு தம்பதி, அங்க ஏற்கனவே தனித்தனியா நடந்துட்டு இருந்த ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுத்தற சைக்கிள் ரைடு, ஹோனலூலு மாரத்தான், இந்த மூணையும் ஒரே நாள்ல வெச்சா என்னன்னு கிளப்பி விட்டதுதான். 15 பேர் கிளம்பினாங்க, 12 பேர் முடிச்சாங்க, ஜெயிச்ச கார்டன் ஹாலர் எடுத்துக்கிட்டது 11 மணி 46 நிமிஷம். இன்னிக்கு அந்த டைமை விட வேகமா முடிக்கற அமெச்சூர் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. வயசு ஆயிடுச்சுன்னு யோசிக்கறவங்களுக்கு ஒரு தகவல், 2012ல மடோனா பூடர்ங்கற கன்னியாஸ்திரி 82 வயசுல ஃபுல் முடிச்சாங்க, 2018ல ஹவாய் கோனா உலக சாம்பியன்ஷிப்ல ஹிரோமு இனாடாங்கற ஜப்பான்காரர் 85 வயசுல முடிச்சாரு, 17 மணி நேர லிமிட்டுக்கு சில நிமிஷம் முன்னாடி.

இந்தக் கட்டுரை போடியம் ஏற நினைக்கறவங்களுக்கு இல்ல, லிமிட்டுக்குள்ள, ஆம்புலன்ஸ் இல்லாம, சிரிச்சிட்டே முடிக்கணும்னு நினைக்கறவங்களுக்கு.

1. முதல்ல கால்குலேட்டரை எடுங்க

புதுசா வர்றவங்க முதல்ல கேக்கறது எந்த சைக்கிள் வாங்கலாம்னுதான். அதுக்கு முன்னாடி கட்-ஆஃப் (ஒவ்வொரு கட்டத்தையும் முடிச்சே ஆக வேண்டிய கடைசி நேரம்) கணக்கைப் போட்டுடுங்க, ஏன்னா நீங்க எதுல வீக், எதுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கணும்னு அந்தக் கணக்கே சொல்லிடும்.

ஃபுல்லுக்கு வழக்கமா இருக்கற லிமிட் இது: நீச்சல் 2 மணி 20 நிமிஷம், ஸ்டார்ட்ல இருந்து சைக்கிள் முடியற வரைக்கும் 10 மணி 30 நிமிஷம், மொத்தம் 17 மணி. சில ரேஸ்ல இதை விட கம்மியா இருக்கும், அதனால உங்க ரேஸோட அத்லெட் கைடை வரி விடாம படிங்க. இப்ப வகுத்துப் பாருங்க. 3.8 கிமீயை 140 நிமிஷத்துல நீந்தணும்னா 100 மீட்டருக்கு 3 நிமிஷம் 41 செகண்ட். நீச்சலுக்கு முழு நேரத்தையும் எடுத்து, டிரெஸ் மாத்த 10 நிமிஷம் போக, சைக்கிளுக்கு 8 மணி நேரம் மிச்சம், அதாவது மணிக்கு 22.5 கிமீ. அதுக்கப்புறம் இன்னொரு 10 நிமிஷம் போனா ஓட்டத்துக்கு 6 மணி 20 நிமிஷம், கிலோமீட்டருக்கு 9 நிமிஷம்.

இந்த மூணு நம்பரையும் தனித்தனியா பாத்தா எதுவுமே பெரிய வேகம் இல்லல்ல? கிலோமீட்டருக்கு 9 நிமிஷம்ங்கறது வேகமான நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் நடுவுல. அப்ப கஷ்டம் வேகத்துல இல்ல, 12 மணி நேரம் கழிச்சும் அந்த சாதாரண வேகத்துல நகர உடம்புல தெம்பு மிச்சம் இருக்கணும், அதுலதான் இருக்கு. கீழ சொல்ற எல்லாமே அந்தத் தெம்பை எப்படி வளக்கறது, எப்படி வீணாக்காம காப்பாத்தறதுங்கறது பத்திதான்.

ஹாஃபுக்கு பொதுவா நீச்சல் 1:10, சைக்கிள் முடிய 5:30, மொத்தம் 8:30. கணக்கு இதே மாதிரி நீங்களே போட்டுக்கலாம்.

2. எந்த ரேஸ், எத்தனை மாசம்

நேரா ஃபுல் போகாதீங்க. முடியாதுன்னு இல்ல, ஆனா 750 மீட்டர், 20 கிமீ, 5 கிமீன்னு வர்ற ஸ்பிரின்ட் ஒண்ணு, முடிஞ்சா 1.5, 40, 10ன்னு வர்ற ஒலிம்பிக் தூரம் ஒண்ணு பண்ணிட்டா ட்ரான்சிஷன் (நடுவுல டிரெஸ் மாத்தற கட்டம்), கூட்டத்துல நீந்தறது, ரூல்ஸ் எல்லாம் பழகிடும். அப்புறம் ஹாஃப், அப்புறம் ஃபுல். ஓரளவு ஃபிட்டா இருக்கற ஆளுக்கு ஹாஃபுக்கு 16 வாரம், ஃபுல்லுக்கு 24 வாரம் நியாயமான அவகாசம். நீச்சலே தெரியாதுன்னா அந்தக் கணக்கு தொடங்கறதுக்கு முன்னாடி ஆறு மாசம் நீச்சலுக்கு மட்டும் கூட்டிக்குங்க.

முதல் ரேஸுக்கு அமைதியான தண்ணி, பெருசா ஏத்தம் இல்லாத சைக்கிள் ரூட், நீங்க ட்ரெயின் பண்ற சீசனுக்கு நெருக்கமான வானிலை, இந்த மூணும் இருக்கற இடமா பாருங்க. அழகான மலை ரூட்டை இன்னொரு வருஷம் பாத்துக்கலாம். பணம் கட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு செக்-அப், முக்கியமா 40 தாண்டினவங்க, குடும்பத்துல இதய நோய் இருக்கறவங்க. அதோட வீட்ல பேசிடுங்க, வார இறுதி காலை எல்லாம் காணாம போகப்போறீங்க, முன்கூட்டியே சொல்லாம போனா ட்ரெயினிங்கை விட வீட்டு சண்டைதான் அதிகமா களைப்பாக்கும்.

3. சாமான்

சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதுல எழுத ஆரம்பிச்சா முடியாது, ஆளுக்கு ஆள் அடிச்சுக்குவாங்க. நல்ல காகிள்ஸ் ரெண்டு (வெயிலுக்கு டார்க், மேகமூட்டத்துக்கு கிளியர்), ட்ரை சூட் (மூணுக்கும் சேத்துப் போட்டுக்கற டிரெஸ்) ஒண்ணு, உங்க அளவுக்கு சரியான ரோடு பைக், தலைக்கு பொருந்தற ஹெல்மெட், கால் அளவு பாத்து வாங்கின ரன்னிங் ஷூ, பஞ்சர் கிட், ஹார்ட் ரேட் காட்டற வாட்ச். டைம் ட்ரையல் பைக் முதல் ரேஸுக்கு தேவையே இல்ல, இருக்கற ரோடு பைக்ல கிளிப்-ஆன் ஏரோ பார் (குனிஞ்சு முழங்கையை வெச்சுக்கற கம்பி) மாட்டிக்கிட்டாலே போதும். காசு செலவு பண்ணியே ஆகணும்னா பைக் ஃபிட்டிங்குக்கு, அதாவது சீட், ஹேண்டில்பாரை உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி சரி பண்றதுக்கு, பண்ணுங்க. கார்பன் வீலுக்கு கொடுக்கறதை விட அதுல பலன் அதிகம்னு நான் சண்டை போட்டே சொல்வேன், ஏன்னா ஆறு ஏழு மணி நேரம் உக்காரப் போறது உங்க முதுகும் கழுத்தும்தான், வீல் இல்ல.

வெட்சூட் (உடம்போட ஒட்டற ரப்பர் நீச்சல் சூட்) போடலாமாங்கறது தண்ணியோட சூட்டைப் பொறுத்தது. அமெச்சூர்களுக்கு நிறைய ரேஸ்ல 24.5 டிகிரி வரைக்கும் அனுமதி, அதுக்கு மேல போனா கட்டுப்பாடு வரும். அது உடம்பை மிதக்க வைக்கும், அதனால நீச்சல் வீக்கா இருக்கறவங்களுக்கு பெரிய உதவி, ஆனா ரேஸ் அன்னிக்கு தண்ணி சூடாகி வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு இப்பவே யோசிச்சு, அது இல்லாமலும் முழு தூரமும் நீந்தி வெச்சுக்குங்க.

4. நீச்சல்: பயம் பாதி, டெக்னிக் மீதி

நிறைய பேர் இந்த விளையாட்டுக்குள்ளயே வராததுக்கு தண்ணிதான் காரணம். நீச்சல் குளத்துல 2 கிமீ அசால்ட்டா அடிக்கறவங்க கூட திறந்த தண்ணில 200 மீட்டர்ல மூச்சு முட்டி நிப்பாங்க. காரணம் வீரம் கம்மியா இருக்கறது இல்ல. குளிர்ந்த தண்ணி மூஞ்சில பட்டதும் மூச்சு தானா வேகமாகும், கீழ கோடு தெரியாது, பக்கத்துல பத்து பேர் கை கால் வீசுவாங்க, பதட்டத்துல மூச்சை முழுசா வெளிய விடாம மேல மேல இழுப்போம், கார்பன் டை ஆக்சைடு தேங்கும், அப்ப இன்னும் மூச்சு பத்தாத மாதிரி இருக்கும். அதனால முதல் பாடம், மூஞ்சி தண்ணிக்குள்ள இருக்கற நேரம் பூரா மூக்கு வாய் வழியா மூச்சை விட்டுட்டே இருக்கறது. இது பழகிட்டாலே பாதி பயம் போயிடும்.

டெக்னிக்னா, காலை பலமா அடிக்கறதை மறந்துடுங்க. கால் பேலன்ஸுக்கு மட்டும் போதும், அதுக்கு இன்னும் 180 கிமீ வேலை பாக்கி இருக்கு. தலையை கீழ பாத்து வெச்சா இடுப்பு மேல வரும், இடுப்பு மேல வந்தா இழுவை குறையும். இதை ஒரு கோச் பத்து க்ளாஸ்ல திருத்தறதை நீங்க தனியா வீடியோ பாத்து வருஷம் பூரா திருத்த முடியாது, மத்த எதுக்கும் கோச் வேணாம்னாலும் நீச்சலுக்கு வெச்சுக்குங்க.

உங்க நீச்சல் வேகத்தை தெரிஞ்சுக்க ஒரு எளிய டெஸ்ட் இருக்கு, சிஎஸ்எஸ்னு சொல்வாங்க. நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு 400 மீட்டர் முழு முயற்சியா நீந்துங்க, நல்ல ரெஸ்ட், அப்புறம் 200 மீட்டர். ரெண்டு டைமையும் கழிச்சு ரெண்டால வகுத்தா 100 மீட்டருக்கான உங்க த்ரெஷோல்ட் வேகம், அதாவது சீக்கிரம் களைச்சுப் போகாம தாக்குப்பிடிக்கற உச்ச வேகம். உதாரணத்துக்கு 400 மீட்டர் 8:40, 200 மீட்டர் 4:08ன்னா வித்தியாசம் 272 செகண்ட், பாதி 136, அதாவது 2 நிமிஷம் 16 செகண்ட். அதை விட 5 செகண்ட் மெதுவா, 15 செகண்ட் ரெஸ்ட் விட்டு 100 மீட்டர் பத்து தடவை, இது ஒரு நல்ல மெயின் செட். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் போதும், ஒவ்வொரு தடவையும் 2ல இருந்து 3 கிமீ.

ரேஸுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே திறந்த தண்ணில இறங்க ஆரம்பிங்க. தனியா போகவே கூடாது, பளிச்சுனு கலர் கேப், இடுப்புல கட்டற மிதவை, கரைல ஒரு ஆள். எட்டு பத்து ஸ்ட்ரோக்குக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல தூக்கி அடையாளத்தைப் பாத்துட்டு அப்புறம் பக்கவாட்டுல மூச்சு, இதான் சைட்டிங். பாக்காம நீந்தினா கோணலா போய் 3.8 கிமீ சுலபமா 4.2 ஆயிடும்.

ரேஸ்ல பதட்டம் வந்தா மல்லாந்து மிதங்க, இல்ல பக்கத்துல இருக்கற கயாக்கை பிடிச்சுக்குங்க. அதைப் பிடிச்சிட்டே முன்னாடி நகராத வரைக்கும் ரூல்ஸ்ல அனுமதி உண்டு, யாரும் வெளியேத்த மாட்டாங்க. இது தெரியாமலே பல பேர் வீணா தவிக்கறாங்க.

5. சைக்கிள்: ரேஸ்ல பாதி நேரம் இங்கதான்

புதுசா வர்றவங்க ரேஸை கோட்டை விடற இடம் சைக்கிளோட முதல் 60 கிமீ. தண்ணில இருந்து தப்பிச்ச சந்தோஷம், டேப்பர்ல (ரேஸுக்கு முந்தின வாரங்கள்ல ட்ரெயினிங்கைக் குறைக்கறது) ரெஸ்ட் எடுத்த காலு, சுத்தி எல்லாரும் பறக்கறாங்க, நாமளும் பறப்போம். அதுக்கான பில் மாரத்தான்ல 25வது கிமீ பக்கம் வரும்.

பவர் மீட்டர் (மிதிக்கற பலத்தை வாட்ல காட்டற கருவி) இருந்தா 20 நிமிஷம் முழு முயற்சி டெஸ்ட் பண்ணி ஆவரேஜை 0.95 ஆல பெருக்குங்க, அது தோராயமா உங்க எஃப்டிபி, அதாவது ஒரு மணி நேரம் கிட்ட தாக்குப்பிடிக்கற பவர். 210 வாட் வந்தா எஃப்டிபி 200. ஃபுல்லுக்கு அதுல 65ல இருந்து 70 சதவீதம், அதாவது 130ல இருந்து 140 வாட். ஹாஃபுக்கு 75ல இருந்து 80 சதவீதம். ஓட்டும்போது அவமானமா இருக்கற அளவுக்கு ஈசியா தெரியும், தெரியட்டும். மீட்டர் இல்லாதவங்க முழு வாக்கியமா பேச முடியற அளவுல ஓட்டுங்க. ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்காம கியர் இறக்கி உக்காந்தே ஏறுங்க.

காத்தை வெட்டறதுக்கு தேவைப்படற பவர் வேகத்தோட கனத்துக்கு (க்யூப், அதே எண்ணை மூணு தடவை பெருக்கறது) ஏத்த மாதிரி ஏறும், அதனால வேகத்தை கொஞ்சம் கூட்ட பவர் நிறைய வேணும். அதே காரணத்தால உடம்பை தாழ்த்தி வெச்சுக்கிட்டாலே இலவசமா நேரம் கிடைக்கும், ஆனா அந்த பொசிஷன்ல மணிக்கணக்கா இருக்க முடியணும், இல்லன்னா அர்த்தம் இல்ல.

ரூல்ஸ் ரெண்டு மூணு மனப்பாடம் ஆகணும். டிராஃப்டிங் கூடாது, அதாவது முன்னாடி போறவரோட காத்து மறைவுல ஒட்டிட்டு போகக்கூடாது. வழக்கமா அவர் முன் சக்கரத்துல இருந்து உங்க முன் சக்கரம் வரைக்கும் 12 மீட்டர் இடைவெளி, அதுக்குள்ள நுழைஞ்சா 25 செகண்ட்ல ஓவர்டேக் பண்ணி முடிச்சிடணும், உங்களை ஒருத்தர் தாண்டிட்டா நீங்கதான் பின்வாங்கணும். மாட்டினா பெனால்டி டென்ட்ல 5 நிமிஷம் நிக்க வைப்பாங்க. ஹெட்போன் கூடாது. குப்பையை எய்ட் ஸ்டேஷன் (வழில தண்ணி, சாப்பாடு கொடுக்கற இடம்) எல்லைக்குள்ள மட்டும்தான் போடணும். வெளி ஆளுங்ககிட்ட உதவி வாங்கக்கூடாது, அதனால பஞ்சரை நீங்களே ஒட்டணும், டியூப் மாத்தறதை வீட்ல கண்ணை மூடிட்டு பண்ற அளவுக்கு பழகுங்க, பின் சக்கரத்தையும் சேத்து.

6. ஓட்டம்

சைக்கிளை விட்டு இறங்கினதும் கால் யாரோட காலோ மாதிரி இருக்கும். அதுக்குத்தான் பிரிக் செஷன், நீளமான ரைடு முடிஞ்ச உடனே ஷூ மாத்தி 20 நிமிஷம் ஓடறது. வாரம் ஒண்ணு போதும். இறங்கினதும் மெதுவா ஓடற மாதிரி தோணும், வாட்சைப் பாத்தா தேவைக்கு மேல வேகமா போயிட்டு இருப்பீங்க, இந்த ஏமாத்தல் எல்லாருக்கும் நடக்கும், முதல் 3 கிமீ வேணும்னே அடக்கி ஓடுங்க.

நடக்கறது தோல்வி இல்ல, ப்ளான். ஆரம்பத்துல இருந்தே ஒவ்வொரு எய்ட் ஸ்டேஷனும் நடந்து, குடிச்சு, சாப்ட்டு, மறுபடி ஓடறவங்க, முதல் 20 கிமீ நிக்காம ஓடிட்டு அப்புறம் முழுசா நடக்கறவங்களை கடைசில தாண்டிப் போவாங்க. மணிக்கு 6 கிமீ நடையா நடந்தா கூட 42.2 கிமீ 7 மணி நேரத்துல முடியும், அதனால லிமிட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி சைக்கிளை முடிச்சவங்களுக்கு பயப்பட ஒண்ணுமே இல்ல.

மூணுலயும் காயம் கொண்டு வர்றது ஓட்டம்தான். தூரத்தை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ட்ரெயினிங்ல நீளமான ஓட்டத்தை ரெண்டரை மூணு மணி நேரத்தோட நிறுத்திக்குங்க. அதுக்கு மேல ஓடினா கிடைக்கற லாபத்தை விட ரெக்கவரிக்கு போற நாள் அதிகம்.

7. ஒரு வாரம் எப்படி இருக்கும்

ஹாஃபுக்கு வாரம் 8ல இருந்து 10 மணி நேரம் போதும். ஒரு மாதிரி சொல்றேன், திங்கள் ரெஸ்ட், செவ்வாய் நீச்சலும் அரை மணி நேரம் ஸ்ட்ரெங்த்தும், புதன் ஒரு மணி நேரம் சைக்கிள்ல இன்டர்வெல் (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவான்னு மாத்தி மாத்தி), வியாழன் ஒரு மணி நேரம் ஈசி ஓட்டம், வெள்ளி நீச்சல், சனி நீளமான ரைடு ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு நாலு வரைக்கும், முடிச்சதும் பிரிக், ஞாயிறு நீளமான ஓட்டம். ஃபுல்லுக்கு இதே எலும்புக்கூடுதான், சனிக்கிழமை ரைடு அஞ்சு ஆறு மணி நேரம் வரைக்கும் போகும், உச்ச வாரங்கள்ல மொத்தம் 12ல இருந்து 14 மணி நேரம். மூணு வாரம் ஏத்தி நாலாவது வாரம் குறைங்க.

மொத்தத்துல எண்பது சதவீதம் ஈசியா, பேசிட்டே பண்ற அளவுல, மிச்சம்தான் கஷ்டமா. ஸ்டீஃபன் சைலர்ங்கற ஆராய்ச்சியாளர் டாப் எண்டூரன்ஸ் வீரர்களைப் பாத்து பிரபலப்படுத்தின விகிதம் இது. அமெச்சூர் ஆளுங்க தலைகீழா பண்ணுவோம், எல்லா நாளும் பாதி கஷ்டமா ஓடி எப்பவும் களைப்பாவே இருப்போம். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா விட்டுடுங்க, அடுத்த நாள்ல சேத்து அடைக்காதீங்க. தூக்கத்தை வெட்டி ட்ரெயினிங் பண்றதுல எனக்கு சுத்தமா நம்பிக்கை இல்ல.

8. சாப்பாடு: நாலாவது விளையாட்டு

உடம்புல சேமிப்பா இருக்கற கிளைகோஜன் (சர்க்கரை இருப்பு) தோராயமா 400ல இருந்து 500 கிராம், அது ரெண்டாயிரம் கலோரி சொச்சம். ஃபுல்லுக்கு தேவைப்படறது அதை விட பல மடங்கு. கொழுப்பு எரியும், ஆனா மெதுவா. அதனால சைக்கிள்ல உக்காந்ததுல இருந்து மணிக்கு 60 கிராம் கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை), பழக்கப்படுத்தினவங்க 90 வரைக்கும். குடல் ஒரு மணி நேரத்துல உறிஞ்சற குளுக்கோஸ் 60 கிராம் பக்கத்துல நின்னுடும், ஃப்ரக்டோஸ் வேற வழியா உள்ள போகும், அதனாலதான் 60க்கு மேல போறவங்க ரெண்டும் கலந்ததை எடுக்கறாங்க. ஏழு மணி நேர ரைடுன்னா மணிக்கு 60 வெச்சாலே 420 கிராம், ஒரு ஜெல்ல (பாக்கெட்ல வர்ற சர்க்கரைக் கூழ்) 25 கிராம்னா கிட்டத்தட்ட 17 ஜெல். யாராலயும் அவ்வளவு ஜெல் முழுங்க முடியாது, அதனால பாதியை பாட்டில்ல கலக்கி, மிச்சத்தை ஜெல், பார், வாழைப்பழம்னு பிரிச்சுக்குங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்ச்ல அலாரம் வெச்சு சாப்பிடுங்க, பசிச்சதுக்கு அப்புறம் சாப்ட்டா லேட்.

குடலுக்கும் ட்ரெயினிங் வேணும். சனிக்கிழமை ரைடுல ரேஸ் அன்னிக்கு சாப்பிடப் போற அதே சாமானை அதே அளவுல சாப்ட்டு பாருங்க. இதைச் செய்யாம ரேஸ்ல கொடுக்கற புது பிராண்ட் ஜெல்லை முழுங்கினவங்கதான் டாய்லெட் வரிசைல நிக்கறாங்க.

தண்ணிக்கு ஒரு டெஸ்ட்: ஒரு மணி நேரம் ட்ரெயினிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா வியர்வை ஏறக்குறைய ஒரு லிட்டர், நடுவுல குடிச்சதையும் சேத்துக்கணும். அதுல பெரும்பகுதியை ஈடு கட்டினா போதும். வெறும் தண்ணியா குடிச்சிட்டே இருக்கறது ஆபத்து, ரத்தத்துல சோடியம் இறங்கி ஹைப்போநட்ரீமியா வரும், தலைவலி, வாந்தி, குழப்பம், மோசமானா உயிருக்கே ஆபத்து. விரல் வீங்கி மோதிரம் இறுகுதுன்னா, வயித்துல தண்ணி குலுங்குதுன்னா குடிக்கறதை நிறுத்திட்டு மெடிக்கல் ஆளுங்ககிட்ட காட்டுங்க.

9. கடைசி வாரங்களும் ரேஸ் நாளும்

ஃபுல்லுக்கு ரெண்டு மூணு வாரம், ஹாஃபுக்கு பத்து நாள்ல இருந்து ரெண்டு வாரம் டேப்பர். ட்ரெயினிங் நேரத்தை பாதியாக்குங்க, ஆனா சின்ன சின்ன வேகமான துண்டுகளை விட்டுடாதீங்க, இல்லன்னா கால் மந்தமாகும். இல்லாத வலி எல்லாம் இந்த வாரத்துலதான் வரும், பெரும்பாலும் பயம்தான்.

முந்தின நாள் பைக்கை செக்-இன் பண்ணும்போது நீச்சல் முடிஞ்சு எந்தப் பக்கமா உள்ள வருவீங்க, உங்க ரேக் எங்க, எங்க வெளிய போகணும்னு நடந்தே பாத்துடுங்க, ஆயிரக்கணக்கான சைக்கிள் நடுவுல தேடறது சிரமம். பைக்கை தொடறதுக்கு முன்னாடி ஹெல்மெட் பக்கிள் மாட்டியிருக்கணும், திரும்பி வந்து ரேக்ல வெச்சதுக்கு அப்புறம்தான் கழட்டணும். மவுன்ட் லைன் தாண்டித்தான் ஏறணும், டிஸ்மவுன்ட் லைனுக்கு முன்னாடியே இறங்கிடணும். கழுத்து, அக்குள், தொடை எல்லா இடத்துலயும் உரசாம இருக்க க்ரீம் தடவுங்க. வெட்சூட் போடறவங்க அதுக்குன்னே இருக்கற க்ரீமை எடுங்க, பெட்ரோலியம் ஜெல்லி அந்த ரப்பரைக் கெடுக்கும்.

காலைல ஸ்டார்ட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடி பழகின சாப்பாடு. நீச்சல்ல உங்க வேகத்துக்கு ஏத்த கூட்டத்துல, ஓரமா நில்லுங்க, முதல் 200 மீட்டர் வேணும்னே மெதுவா. அப்புறம் நாள் பூரா உங்க கணக்கு மட்டும், பக்கத்துல போறவர் கணக்கு வேணாம். ஏதாவது ஒரு கட்டத்துல எல்லாமே மோசமா தெரியும், பெரும்பாலும் சர்க்கரை இறங்கினதுதான், வேகத்தைக் குறைச்சு ஏதாவது சாப்ட்டு பத்து இருபது நிமிஷம் பொறுத்துப் பாருங்க. ஆனா நெஞ்சு வலி, தலை சுத்தல், வியர்வை நின்னு போறது, நேரா நடக்க முடியாம போறது, இதுல எது வந்தாலும் அங்கயே நிறுத்துங்க.

முடிச்சதும் உடனே படுக்காம கொஞ்சம் நடங்க, ஈரத்தை மாத்துங்க, உடம்பு சட்டுனு குளிரும். உப்பும் கார்பும் இருக்கற ஏதாவது சாப்பிடுங்க. பைக் செக்-அவுட்டுக்கு ஒரு கடைசி நேரம் இருக்கும், அதை எடுக்க வீட்டு ஆள் யாரையாவது முன்னாடியே ஏற்பாடு பண்ணி தேவையான பேப்பரை அவங்க கைல கொடுத்து வைங்க, ஏன்னா அந்த நேரத்துல உங்களால படி இறங்க முடியாது. அடுத்த ரெண்டு வாரம் நடை, லேசான நீச்சல் மட்டும், ஃபுல் பண்ணியிருந்தா ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறுங்க, அதுவரைக்கும் அடுத்த ரேஸ் ரெஜிஸ்ட்ரேஷன் பக்கத்தை திறக்காம இருக்க முயற்சி பண்ணுங்க.